வியூ பாயிண்டோடு திரும்பிப் போகிறவர்களை ஊருக்குள் இறக்க ஏஆர் உதவுமா?

கொடைக்கானல் மலையில் இருக்கிற பூம்பாறையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து கிராமச் சுற்றுலா தொடங்க நினைக்கிறார்களாம். ஒரு கம்பெனி வந்து, "ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏஆர்) ஆப் செய்து தருகிறோம். போனை நீட்டினால் பழைய காலத்து ஊரே எழுந்து நிற்கும், கூட்டம் அள்ளும்" என்று சொல்லியிருக்கிறதாம். செய்யலாமா, எதைக் காட்டுவது, சிக்னல் வந்து வந்து போகிற மலையில் இதெல்லாம் ஓடுமா என்பது கேள்வி.

செய்யலாம். ஆனால் ஆப் வேண்டாம். கூட்டம் சேர்ப்பதற்காகவும் வேண்டாம்.

முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்கு ஆள் வராமல் இல்லை. வருகிற வண்டிகளைத் தாங்க முடியாமல்தான் உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரலில், கோடை சீசனுக்கு நாளொன்றுக்கு 4000 வண்டி, வார இறுதியில் 6000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். ஆக, மலைக்கு இன்னும் ஆளைக் கூப்பிடுவது யாருக்கும் நல்லதல்ல. உங்கள் சிக்கல் வேறு. மன்னவனூர் ரோட்டில் வருகிற டெம்போ டிராவலர்கள் பூம்பாறை வியூ பாயிண்டில் நிற்கின்றன. எல்லாரும் இறங்கி, கீழே தெரியும் அடுக்கு வயல்களையும் நெருக்கமான வீடுகளையும் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். கடையில் ஒரு டீயும் சோளமும் வாங்குகிறார்கள். அப்புறம் மன்னவனூருக்குப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் இறங்குகிறவர்கள் குறைவு. இறங்கினாலும் முருகன் கோயிலில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு ஏறிவிடுகிறார்கள். இவர்களில் பத்தில் ஒருவரை ஊருக்குள் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும், நீங்கள் தேடுகிற வருமானம் அதில் இருக்கிறது. ஏஆர் பயன்பட்டால் இந்த வேலைக்குத்தான் பயன்பட வேண்டும்.

ஏஆர் என்பது வேறொன்றுமில்லை. போன் கேமராவில் தெரிகிற நிஜக் காட்சியின் மேல் ஒரு படமோ எழுத்தோ குரலோ சேர்ந்து வருவது. கண்ணை மூடிக்கொள்ளும் பெட்டி எதுவும் மாட்ட வேண்டியதில்லை. 2016-ல் போக்கிமான் கோ வந்தபோது உலகம் முழுக்கப் பிள்ளைகள் தெருவில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்தச் சங்கதிதான்.

கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் காட்டுவது இப்படி இருக்கும்: வியூ பாயிண்டில் நின்று போனைப் பள்ளத்தாக்கின் பக்கம் நீட்டினால் கோயில் மேல் "கோயில்" என்றும், வயல் மேல் "பூண்டு வயல்" என்றும் பெயர்கள் மிதக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. மலையில் இது சொதப்பும், காரணம் எளிது. போனில் உள்ள ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் ஐந்து மீட்டர் துல்லியம் தரும். மரமும் பாறையும் மறைத்தால் அதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை திசைகாட்டி. பக்கத்தில் வண்டி, இரும்புத் தடுப்பு, மின்கம்பம் எது இருந்தாலும் அது திரும்பிவிடும். பத்து டிகிரி பிசகினால், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோபுரத்தின் பெயர் கிட்டத்தட்ட 175 மீட்டர் விலகி யாரோ ஒருவருடைய கேரட் தோட்டத்தின் மேல் நிற்கும். நகரங்களில் இதைச் சரிசெய்ய கூகுள், தெருத் தெருவாக எடுத்து வைத்திருக்கிற ஸ்ட்ரீட் வியூ படங்களோடு கேமராக் காட்சியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்தப் படங்கள் எடுக்கப்படாத இடத்தில் மறுபடி ஜிபிஎஸ்தான் கதி. இதற்கு மேல் மேகம். மதியத்துக்குப் பிறகு மஞ்சு ஏறிவிட்டால் எதிரே பூம்பாறையே தெரியாது. கேமரா எதைப் பார்க்கும்?

அதனால் நான் சொல்வது: பள்ளத்தாக்கை நோக்கி நீட்ட வைக்காதீர்கள். ஒரு பலகை வையுங்கள். வெயில் தெளிந்த காலையில் எடுத்த பூம்பாறையின் அகலமான படம், மூன்றடி நீளம் இருந்தால் போதும். மூலையில் க்யூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் பிரவுசரிலேயே பக்கம் திறக்கும். கேமராவை இரண்டடி தள்ளியிருக்கிற அந்தப் படத்தின் மேல் காட்டினால் போதும், படத்தின் மீதே ஊர் உயிர் பெற வேண்டும். மஞ்சு மூடினாலும் பலகை தெரியும். ஜிபிஎஸ் வேண்டாம், திசைகாட்டி வேண்டாம். ஒரு படத்தை அடையாளம் கண்டு அதன்மேல் காட்சியை ஒட்டுகிற இந்த வகைக்கு மைண்ட்ஏஆர் போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும், சாதாரண போனிலும் ஓடும். தரையில் ஒரு முப்பரிமாண பொம்மையை நிறுத்திக் காட்டுகிற இன்னொரு வகைக்கு ஆண்ட்ராய்டில் கூகுளின் ஏஆர்கோர் மென்பொருள் ஓடுகிற போன் வேண்டும். ஐபோனின் சஃபாரியிலோ பிரவுசர் வழியாக அந்த வகையைச் செய்யத் தேவையான வெப்எக்ஸ்ஆர் வசதி இல்லை, அதற்கென்று தனிக் கோப்பு தயாரிக்க வேண்டும். வருகிற குடும்பத்தில் ஒருவர் போனில் வந்து இன்னொருவர் போனில் வராவிட்டால் அதோடு ஆர்வம் போய்விடும்.

பலகையில் சில நுணுக்கங்கள் உண்டு. பளபளப்பான அச்சு வேண்டாம், வானம் அதில் மின்னி கேமரா குழம்பும். மேட் பூச்சு கேளுங்கள். ஃப்ளெக்ஸ் ஒரு மழைக்காலம் தாங்காது, குரங்கும் கிழிக்கும்; அலுமினிய கலப்புத் தகட்டில் அச்சடியுங்கள். ஒரே மாதிரி வரிவரியாகப் போகிற வயல் மட்டும் படத்தில் இருந்தால் மென்பொருளுக்கு எது எந்த வரி என்று பிடிபடாது. வீடுகள், மரம், பாறை என்று மாறுபட்ட உருவங்கள் நிறைய இருக்க வேண்டும். பூம்பாறையின் கூரைகள் அதற்கு அருமையாக அமைந்திருக்கின்றன.

சிக்னல் கேள்விக்கு வருகிறேன். பக்கம் முழுவதும் எட்டு எம்பிக்குள் அடங்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். வீடியோ வேண்டாம், குரலும் ஓவியமும் போதும். ஒரு முறை திறந்தால் போனிலேயே தங்கிவிடுகிற மாதிரி பக்கத்தை அமைக்கலாம். கொடைக்கானல் விடுதியிலேயே க்யூஆர் கோடு கொடுத்துவிட்டால் நல்ல சிக்னலில் இறக்கிக்கொண்டு வருவார்கள். டீக்கடையில் ஒரு சின்ன வைஃபை பெட்டி வைத்து அதிலிருந்தே பக்கத்தைக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது நடக்கும், ஒரு முடிச்சு மட்டும் இருக்கிறது: எச்டிடிபிஎஸ் பாதுகாப்புச் சான்று இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் கேமராவைத் திறக்க விடாது. இணையம் இல்லாத பெட்டிக்கு அந்தச் சான்றை முறையாகப் போடத் தெரிந்தவரா என்று செய்து தருபவரிடம் முதலிலேயே கேளுங்கள். தெரியாதவர் என்றால் பெட்டியில் குரல் மட்டும் வையுங்கள். குரலுக்குக் கேமரா தேவையில்லை.

உண்மையில் எனக்குக் குரல்தான் பெரிது. படத்தைப் பார்த்து "அட" என்பார்கள், அரை நிமிடத்தில் அலுத்துவிடும். ஊருக்குள் இறங்க வைப்பது ஒரு மனிதக் குரல். மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை எல்லாப் பலகையிலும் எழுதலாம். படிப்பவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். அதற்குப் பதில், தண்டோடு கட்டிய பூண்டுக் கட்டுகள் தொங்குகிற ஒரு வீட்டுக்குள் ஓர் அம்மா உட்கார்ந்து ரகம் பிரிப்பதை ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர் ஒரு பூண்டை எடுத்து அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்துகிறார். அழுந்தினால் ஒரு பக்கம், அழுந்தாவிட்டால் இன்னொரு பக்கம். தோல் சரசரவென்று உதிர்கிறது. "இது வெதைக்கு, இது வடுகபட்டிச் சந்தைக்கு, இது வீட்டுக்கு" என்று கையும் வாயும் ஒன்றாகப் போகின்றன. அந்தச் சரசரப்பு விட்டுப்போகாமல் பதிவாக வேண்டும். காலர் மைக்கும் காற்றுத் தடுப்புப் பஞ்சும் இருந்தால் போனிலேயே நன்றாக வரும். அவருடைய பேச்சைத் திருத்தி வானொலித் தமிழாக்கிவிடாதீர்கள். ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கட்டும், கீழே எழுத்து ஓடட்டும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிவில் அந்த அம்மாவே, "கீழ வந்தீங்கன்னா காட்டுறேன்" என்று கூப்பிடட்டும். உங்கள் ஏஆர் சொல்ல வேண்டியது பாதிக் கதை. மீதிக் கதை ஊருக்குள், ஒரு மனிதரிடம் இருக்க வேண்டும்.

பலகைப் படத்தில் ஐந்து இடங்கள் தொடுவதற்கு இருந்தால் தாராளம். அடுக்கு வயலைத் தொட்டால் விதைப்பும் அறுப்பும் மாறி மாறி வயலின் நிறம் மாறுவதைக் காட்டலாம். ஒரே நாள் வந்து போகிறவர் பார்க்கவே முடியாத விஷயம் அது. கோயிலைத் தொட்டால், அருணகிரிநாதர் இங்கே தங்கிய இரவில் அவரைக் கொல்ல அரக்கி வந்ததும், முருகன் குழந்தை உருவில் அவர்மேல் கிடந்து காத்ததுமான கதையை ஊர்ப் பெரியவர் சொல்லட்டும். போகர் சித்தர் பத்து பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த தசபாஷாணச் சிலை என்கிற நம்பிக்கையையும் அவரே சொல்லட்டும். கோயிலுக்கு உள்ளே மட்டும் எதுவும் வைக்காதீர்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். சன்னதியில் நிற்கிறவர் கையில் போன் இருக்க வேண்டியதில்லை.

மலையின் தாழ்ந்த பகுதியான கீழ்மலையையும் சேர்த்துச் செய்ய நினைத்தால் அங்கே ஏஆருக்கு உங்கள் மேல்மலையைவிட நல்ல வேலை காத்திருக்கிறது. தாண்டிக்குடி, பாச்சலூர், பண்ணைக்காடு என்று காபித் தோட்டங்களுக்கு நடுவே இரும்புக் காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன. மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேடும் நியூட்டனும் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-லேயே வெளியிட்டது. செண்பகனூரில் சேசு சபையினர் 1895-ல் தொடங்கிய அருங்காட்சியகமும் இந்த மலையின் பழம்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவ்வளவு இருந்தும், நேரில் போகிறவருக்குத் தெரிவது புதருக்குள் சாய்ந்து கிடக்கிற நாலு கல். ஒன்று விழுந்திருக்கும், ஒன்றை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கே புரியாத ஒன்றைப் புரிய வைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பலம்.

ஒரு கற்திட்டையை முப்பரிமாண உருவாக எடுக்க விலை உயர்ந்த ஸ்கேனர் தேவையில்லை. நல்ல போன் கேமரா போதும். வெயில் அடிக்கிற நாளில் எடுக்காதீர்கள், நிழல் கல்லோடு ஒட்டிக்கொண்டு உருவம் கெடும். மப்பும் மந்தாரமுமான நாள்தான் சரி, நம் மலையில் அதற்குப் பஞ்சமில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, தலை உயரத்தில் ஒரு சுற்று. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் எழுபது சதவீதமாவது மேல்விழ வேண்டும். அளவு தெரிய ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள், கல்லின் மேல் வேண்டாம். செடியை வெட்டாதீர்கள், கையால் விலக்கிப் பிடித்தால் போதும். கல்லில் உள்ள பாசியைச் சுரண்டாதீர்கள். எடுத்த படங்களை மெஷ்ரூம் என்கிற இலவச மென்பொருளில் கொடுத்தால் உருவமாக்கித் தரும். அதற்கு என்விடியா கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும், கல்லூரி ஆய்வகங்களில் கிடைக்கும். வருகிற கோப்பு மிகப் பெரிதாக இருக்கும். அதைச் சுருக்கி ஐந்து எம்பிக்குள் கொண்டுவருவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

விழுந்த கல்லை நிமிர்த்திக் காட்டும்போது ஒரு நேர்மை வேண்டும். இன்று அங்கே இருக்கிற கல் அதன் நிறத்தில் தெரியட்டும். நாம் ஊகித்துச் சேர்க்கிறது வெளிறிய கோடாகத் தெரியட்டும். எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது பழஞ்சின்னங்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டுவதற்கான 2009-ன் லண்டன் சாசனம் வலியுறுத்துகிற நெறி. ராஜா, போர்வாள், யானை என்று சினிமா ஏற்றிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே வரலாறு என்று நம்பும். அது நம் மலைக்குச் செய்கிற துரோகம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். வெளியிடும் முன் அதை நீக்குங்கள். புதையல் என்று நம்பிக் கற்திட்டைகளைத் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் பொரிவரை என்கிற பாறை ஓவியத் தொகுதி இருக்கிறது. தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவிய இடங்களில் ஒன்று. அங்கே போனவர்கள் ஓவியங்களின் மேலேயே கீறி வைத்துவிட்டார்கள். கீறியது கீறியதுதான், அதைத் திருப்பி வரைய முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏஆர் ஆளைக் கொண்டுபோகக் கூடாது, ஆள் போகாமலே பார்க்க வைக்க வேண்டும். கற்திட்டையின் உருவத்தைத் தாண்டிக்குடிக் கடைவீதியில் ஒரு மேசைமேல் எழுப்பிக் காட்டலாம். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பவரை நில உரிமையாளரின் சம்மதத்தோடு உள்ளூர் வழிகாட்டி ஒருவர் அழைத்துப் போகட்டும்.

கம்பெனிகள் தவறாமல் கொண்டுவரும் யோசனை ஒன்று இருக்கிறது: மலையின் பழங்குடிகளான பளியர் உருவத்தில் ஒரு முப்பரிமாண பொம்மை செய்து, அதைத் தேன் எடுக்க வைப்பது. இதை ஏற்காதீர்கள். அவர்கள் இதே மலையில் இன்று வாழ்கிற மக்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கையில் போன் வைத்திருக்கிறார்கள். அவர்களை அரையாடையில் ஆடுகிற பொம்மையாக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. தங்கள் காட்டைப் பற்றித் தாங்களே சொல்ல அவர்களுக்கு விருப்பம் இருந்தால், எதைச் சொல்வது, எதை மறைப்பது, என்ன கூலி என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். விருப்பம் இல்லையென்றால் அந்தப் பகுதியே வேண்டாம்.

குறிஞ்சியைப் பற்றி ஒரு வரி: கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்து 2030. நடுவில் வருகிறவர்கள் எல்லாரும் "குறிஞ்சி எங்கே?" என்று கேட்பார்கள். ஒரு சரிவு முழுக்கப் பூத்ததைப் பலகையில் காட்டுவது எளிது, செய்யுங்கள்.

இனி பணமும் ஒப்பந்தமும். நான் சொன்ன அளவில் செய்தால் பலகை, இணைய முகவரி, ஒலிப்பதிவு எல்லாம் ஆயிரங்களில் முடியும். செலவு பிடிப்பது ஓவியத்துக்கும் நிரல் எழுதுகிறவரின் உழைப்புக்கும். அதற்கு நியாயமாகக் கொடுங்கள். லட்சங்களில் தனி ஆப் என்று வந்தால் யோசியுங்கள். பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை மாற்றச் சொல்லும். மாற்றாமல் விட்டால் புதிய போன்களில் அது கிடைக்காமலே போகும். முதல் வருடம் செய்து கொடுத்தவர் மூன்றாம் வருடம் போனை எடுப்பாரா? பெரிய நிறுவனத்தின் மேடையில் செய்தால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். மெட்டா தன் ஸ்பார்க் ஏஆர் மேடையை 2025 ஜனவரி 14-ல் மூடியது. அதில் வெளியார் செய்துவைத்த ஏஆர் எஃபெக்டுகளெல்லாம் அன்றோடு போயின.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை தமிழில் எழுதியிருக்க வேண்டும்: இணைய முகவரி உங்கள் குழுவின் பெயரில். மூலப் படங்கள், முப்பரிமாணக் கோப்புகள், ஒலிப்பதிவுகள், நிரல் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் உங்கள் கையில். குரல் கொடுத்த ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம். அவர் பின்னால் வேண்டாம் என்றால் ஒரு வாரத்தில் நீக்கிவிட வேண்டும். அந்தக் குரலை வேறு விளம்பரத்துக்கு விற்கக் கூடாது. வேலை நன்றாக நடக்கிறதா என்று பார்க்க, எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்ற கணக்கைக் கம்பெனிக்காரர்கள் காட்டுவார்கள். நீங்கள் வேறு கணக்கு வையுங்கள்: எத்தனை பேர் ஊருக்குள் இறங்கினார்கள், எத்தனை வீட்டில் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ பூண்டு இடையில் ஆள் இல்லாமல் விற்றது.

கம்பெனி இதற்கெல்லாம் சம்மதித்தால் அவர்களோடே செய்யுங்கள். இல்லையென்றால் திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகளில் கணினி படிக்கிற உங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள், இது அவர்களால் முடிகிற வேலைதான். சீசனில் நேராகத் திறந்துவிடாதீர்கள். குழந்தை வேலப்பர் தேருக்கு வெளியூரில் இருக்கிற சொந்தபந்தமெல்லாம் ஊருக்கு வருவார்கள். அதற்கு முன் பலகையைத் தயார் செய்து முதலில் அவர்களிடம் காட்டுங்கள். "இந்த வயல் எங்க சித்தப்பாவோடது, இங்க பூண்டு போட்டதே இல்ல" என்று யாராவது சொல்வார்கள். அதையெல்லாம் குறித்து, திருத்தி, ஏப்ரலில் வெளியாருக்குத் திறங்கள்.